பூப்பெட்டியில் இருந்த கண் மருந்து

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகத் தயங்கிக்கொண்டே இருந்தேன். பேனாவை எடுப்பேன். இரத்தத்தையும் கும்பிடுகிற ஆத்தா பேரையும் ஒரே தாளில் எழுதுகிறோமே என்று மனசு உறுத்தும். வைத்துவிடுவேன். படிப்பும் எனக்கு எட்டாவதோடு சரி. போன வாரம் நான் வேலை பார்க்கிற ஏலக்காய் ஸ்டோரில் ஒரு பெண் கண்ணைக் கசக்கிக் கசக்கிக் காய் பிரித்துக்கொண்டிருந்தாள். என்னையே பார்ப்பதுபோல் இருந்தது. அதற்குப் பிறகுதான் துணிந்தேன்.

நடந்தது ஒரு சித்திரை மாதம், போடி பஸ் ஸ்டாண்டில். வீரபாண்டி அம்மன் கோயில் திருவிழா சமயம்.

அதற்கு முன்னாலேயே என் கண் காய ஆரம்பித்துவிட்டது. காலையில் விழித்தால் இமை பிரியாது. பிரித்தால் மணலை அள்ளிப் போட்டதுபோல் இருக்கும். பச்சைக் காய் எது, வெளுத்த காய் எது என்று பார்த்துப் பிரிப்பதுதான் என் வேலை. அதுவே மங்கலாகத் தெரிந்தது. எங்கள் அண்ணன் இறந்த வீட்டில் எல்லோரும் கட்டிக்கொண்டு அழ, எனக்குப் பொட்டுத் தண்ணி வரவில்லை. "கூடப் பொறந்தவனுக்கே அழாதவ" என்று என் காதுபடவே பேசினார்கள்.

மதுரையில் பெரிய கண் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கண்ணீர் சுரக்கும் இடமே கெட்டுப்போயிருக்கிறது என்றார்கள். கடையில் விற்கிற சொட்டு மருந்தெல்லாம் போட்டுப் பார்த்தாகிவிட்டது. அதற்குள் வலது கருவிழியில் புண் விழுந்திருந்தது. அது ஆழமாகப் போனால் தழும்பாகிப் பார்வை போய்விடும் என்றார் டாக்டரம்மா. என் இரத்தத்தை எடுத்தே எனக்குச் சொட்டு மருந்து செய்து தருகிறேன் என்றும் சொன்னார். நான் எழுந்தே விட்டேன். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். இரத்தத்தை உறையவிட்டு மெஷினில் சுற்றினால் சிவப்பெல்லாம் அடியில் தங்கிவிடும். மேலே தெளிந்து நிற்கிற நீரைத்தான் எடுத்துப் பக்குவம் செய்வார்களாம். பிறகு குப்பியில் பார்த்தேன். லேசாக மஞ்சள் கரைத்த தண்ணீர்போல் இருந்தது.

ஒரு கண்டிப்பு. அதில் கெடாமல் இருக்க எதுவும் சேர்க்கவில்லை. குப்பிகளை ஃபிரீசரில் வைக்க வேண்டும். வாரத்துக்கு ஒன்றை எடுத்து ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் வைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும், வாரம் போனால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். உருகிப்போனதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. எனக்கு உடம்பில் இரத்தம் கம்மி. "இது வீணாப் போனா உடனே மறுபடி எடுக்க முடியாதும்மா, கண்ணு அதுவரைக்கும் தாங்காது" என்று நர்ஸ் சொல்லித்தான் அனுப்பினார்.

ஆனால் எனக்கு வேறு கவலை. கண் சரியாக வேண்டும் என்று ஆயிரங்கண் பானை என்கிற மண்பானையைக் கோயிலுக்குச் சுமந்து வருவதாக ஆத்தாளுக்கு நேர்ந்து, கையில் விரதக் காப்புக் கட்டியிருந்தேன். எங்கள் வீட்டு ஃபிரிஜ்ஜில் பாலும் சாமிக்கு வாங்குகிற பூவும் இருக்கும். கறி எடுத்தால் அன்றைக்கே சமைத்து முடிப்பேன், அதில் ஏற்ற மாட்டேன். அதில் போய் இரத்தத்தை எப்படி வைப்பது? சிலமலையில் நாத்தனார் வீட்டு ஃபிரிஜ்ஜில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

என் வீட்டுக்காரர் மலைக்கு ஆள் ஏற்றிப் போகிற ஜீப் ஓட்டுகிறவர். முதல் நாளே கேலி செய்தார்.

"ஏ புள்ள, ஒடம்போடதான கோயிலுக்குப் போற? ரத்தத்தக் கழட்டி ஆணியில மாட்டிட்டா போற?"

"சாமி விசயத்துல வெளாடாதீங்க."

"நான் வெளாடல. நீதான் ஊரு ஊரா ரத்தத்தத் தூக்கிட்டு அலையப் போற."

அவர் எதற்கும் இப்படித்தான் பேசுவார் என்று விட்டுவிட்டேன்.

மதுரையிலிருந்து தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டுக் குப்பிகளை அடுக்கிக் கொடுத்தார்கள். போடி வந்து இறங்கினால், சிலமலைப் பக்கம் போகிற பஸ்ஸெல்லாம் திருவிழாவுக்குத் திருப்பிவிட்டிருந்தார்கள். மதியம், தார் ரோடு கொதித்தது. வீட்டுக்காரருக்குப் போன் போட்டால் மலையில் சிக்னல் இல்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று நின்றேன். என் வீடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ரெண்டு தெரு தள்ளித்தான். நடந்தால் வெரசாகப் போய்விடலாம். போகவில்லை. பெட்டியின் மூலையில் தண்ணீர் ஒழுக ஆரம்பித்தது. அப்போதும் போகவில்லை.

பக்கத்தில் ஒரு பூக்காரப் பெண் மாலை கோத்துக்கொண்டிருந்தாள். என்னைவிட வயதில் சின்னவள்.

"என்னக்கா, பெட்டியில மீனா?"

"மீனு இல்லத்தா."

"தண்ணி ஒழுகுதே. கையில காப்பக் கட்டிக்கிட்டு மீனு தூக்கிட்டுத் திரியிற ஆள இன்னைக்குத்தான் பாக்குறேன்."

நின்றிருந்த ரெண்டு பேர் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. அழத்தான் கண்ணில் தண்ணீர் இல்லை. குனிந்து அவளிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன், இரத்தம் என்பதையும் மறைக்காமல்.

அவள் தன் பூப்பெட்டியைத் திறந்து, மல்லிகைப் பந்துகளை ஒதுக்கி, அடியில் இருந்த ஐஸில் குழி பறித்தாள். "கொண்டா இங்கிட்டு" என்றாள்.

"வேணாம் தாயி. அது கோயிலுக்குப் போற பூவு. தீட்டாயிரும்."

அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டு விரல்களை விரித்துக் காட்டினாள். நுனியெல்லாம் பொத்தல்.

"மால ஊசி குத்தி ரத்தம் வராத நாளு எனக்கு உண்டாக்கா? சேலையில தொடச்சுட்டுக் கோக்குறேன். அந்த மாலையத்தான் ஆத்தா கழுத்துல போடுறாங்க. ஒருநாளும் அவ வேணாம்னு சொன்னதில்ல."

 பெட்டியைக் கொடுத்தேன். குப்பிகளை ஐஸில் புதைத்து, மேலே மல்லிகையை மூடினாள். பிறகுதான் வீடு எங்கே என்று கேட்டாள். கையைக் காட்டினேன்.

"இந்தா இருக்கிற வீட்ட விட்டுட்டுச் சிலமலைக்குப் போறியாக்கும்? நல்ல ஆளுக்கா நீ. முகத்தக் கழுவிட்டு வீட்டப் பாத்துப் போ."

தன் ஐஸில் பாதியை என் பெட்டியில் அள்ளிப் போட்டு, குப்பிகளைத் திருப்பி அடுக்கிக் கொடுத்தாள். அன்றைக்கு அவள் பூ எவ்வளவு வாடியிருக்குமோ, நான் கேட்கவில்லை. வீட்டுக்கு நடந்தேன். மேல்வரிசைக் குப்பிகள் உருகியிருந்தன. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தபோது அவற்றைப் போடாமல் கொட்டிவிடச் சொன்னார்கள். அடியில் இருந்தவை கல்லாகவே இருந்தன. பாலுக்கும் பூவுக்கும் மேலே, எங்கள் ஃபிரீசரிலேயே வைத்துக் கும்பிட்டேன். மலையிலிருந்து இறங்கி வந்த வீட்டுக்காரர் திறந்து பார்த்தார். குப்பிகள் சாயாமல் ஒதுக்கி வைத்து மூடினார்.

அந்த மருந்தில்தான் புண் ஆறியது. ஆயிரங்கண் பானையும் எடுத்தேன். நோய் முழுசாகப் போகவில்லை. இன்றைக்கும் போய் இரத்தம் கொடுத்துவிட்டுத்தான் வருகிறேன். அழுகை வந்தால் இப்போதும் கண்ணீர் இறங்காது. ஆனால் காய் பிரிக்கிறேன், பச்சை, பச்சையாகவே தெரிகிறது. ஸ்டோரில் அந்தப் பெண் என் மருந்தில் ரெண்டு சொட்டுக் கேட்டாள். அவரவர் இரத்தம் அவரவர் கண்ணுக்குத்தான், முதலில் டாக்டரைப் பார் என்று சொல்லி, என்னோடு கூட்டிப் போவதாக இருக்கிறேன்.

எங்கள் தெருவில் பாதிப் பேர் இதை, ஆத்தா கண் கொடுத்தாள் என்று மட்டும் சொல்கிறார்கள். மீதிப் பேர், இரத்தத்தை ஊற்றினாள் சரியாகிவிட்டது என்று மட்டும் சொல்கிறார்கள். கண் காய்ந்து தவிக்கிற யாருக்காவது நீங்கள் இதைச் சொன்னால், ஆத்தாளையும் எடுத்துவிடாதீர்கள், இரத்தத்தையும் எடுத்துவிடாதீர்கள், பொத்தல் விழுந்த அந்த விரல்களையும் சேர்த்து, இருக்கிறபடியே சொல்லுங்கள். கோயிலில் மாலையைப் பார்க்கும்போதெல்லாம், இதைக் கோத்த கையில் இன்றைக்கு எத்தனை இடத்தில் ஊசி ஏறியிருக்கும் என்றுதான் நான் முதலில் நினைத்துக்கொள்கிறேன். அதற்குப் பிறகுதான் ஆத்தா முகத்தைப் பார்க்கிறேன்.