ஓசூரில் ஒரு ராத்திரி படுத்திருந்த கப்பல் ஷாஃப்ட்

ஓசூருக்கு எல்லோரும் குளிருக்காகப் போவார்கள். நான் போனது நாலரை டன் இரும்பை லாரியில் ஏற்றிக்கொண்டு. மே மாதக் கடைசி வாரம். வடசென்னையில் நான் வேலை பார்க்கும் பட்டறையில், கடற்படைக் கப்பல் ஒன்றின் புரொப்பல்லரைச் சுழற்றும் இரும்புத் தண்டை, அதாவது ஷாஃப்ட்டை, கழற்றி வைத்திருந்தோம். ஷாஃப்ட் பேரிங்குக்குள் சுற்றுகிற இடத்தில் வெண்கல உறை ஒன்று இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். ஸ்லீவ் என்போம். பழைய ஸ்லீவ் தேய்ந்துபோயிருந்தது, கடைசல் எந்திரமான எங்கள் பெரிய லேத்தும் ரிப்பேர். அதனால் புது ஸ்லீவைக் கடைந்து மாட்டும் வேலை முதல்முறையாக ஓசூரில் ஒரு தொழிற்சாலைக்குப் போனது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு வருஷமாக அளவெடுப்பதுதான் என் வேலை. என் அளவை யாரும் திருப்பி அளந்து பார்த்ததில்லை. திமிர்தான், இருக்கட்டும்.

காலை மூன்று மணிக்குக் கிளம்பினோம். ஓட்டுநர் கோவிந்தன் வாணியம்பாடிக்காரர். நாற்பதுக்கு மேல் வண்டியை விரட்டமாட்டேன் என்று ஏறும்போதே சொல்லிவிட்டார். வாலாஜாபேட்டை தாண்டும்போது ஆறரை. ஆம்பூரில் இட்லி, வடை, காபி, இரண்டு பேருக்கு 140 ரூபாய். கிருஷ்ணகிரி வரும்போது பதினொன்றேகால்; சாலையோரம் முழுக்க மாம்பழக் கூடைகள். அங்கிருந்து ஓசூர் ஐம்பது கிலோமீட்டர், சூளகிரிப் பக்கம் வண்டி மூச்சு வாங்கி ஏறியது. மொத்தம் 310 கிலோமீட்டர். ஒன்றரைக்குத் தொழிற்சாலை கேட்டில் நின்றோம்.

லேத் பார்ப்பவர் முனிராஜ். அஞ்செட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பம், நாற்பது வயதிருக்கும். கிரேன்காரரிடம் தெலுங்கு, உதவியாளரிடம் கன்னடம், என்னிடம் தமிழ். எதில் பேசினாலும் அதிகம் பேசமாட்டார். புது ஸ்லீவின் உள்துளையை ஏற்கெனவே கடைந்து, கடைசி வெட்டு மட்டும் மிச்சம் வைத்திருந்தார். ஷாஃப்ட்டை அளந்து நான் எழுதியிருந்த ரிப்போர்ட்டை வாசித்தார். ஷாஃப்ட் இறங்கியதும் அதன்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, இதை எத்தனை மணிக்கு அளந்தீங்க என்று கேட்டார். பகல் ஒரு மணிக்கு, எங்கள் பட்டறை யார்டில் வைத்து என்றேன். வெப்பநிலைக் கட்டம் காலியா இருக்குதே என்றார். அந்தக் கட்டத்தை நான் ஒருநாளும் நிரப்பியதில்லை.

"ராத்திரி ஸ்லீவ் பக்கத்துலயே படுக்கட்டும் மேடம். காலைல ரெண்டையும் ஒண்ணா அளந்துக்கலாம். சூட்டோட வந்த அளவுக்கு வெட்ட மாட்டோம், இங்க அதான் பழக்கம்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. வெள்ளிக்கிழமை கப்பல் டாக்கை விட்டு இறங்க வேண்டும், அன்றைக்குப் புதன். என் அளவை நம்பி வெட்டுங்கள், வேண்டுமானால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். அந்த ரிப்போர்ட்டிலேயே போட்டும் கொடுத்தேன். அவர் தாளை வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார். இப்படி ஒரு அழுத்தக்காரரை நான் பார்த்ததேயில்லை.

வேறு வழியில்லாமல் சாயங்காலம் சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போனேன். பேருந்து நிலையத்திலிருந்து ஆட்டோ 80 ரூபாய். மேலே காற்று அப்படி அடித்தது. சென்னையில் அந்த நேரத்துக்கு வியர்த்து வழியும், இங்கே முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றேன். கை கழுவும்போது மோதிரம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சென்னைப் பகலில் சோப்புப் போட்டு இழுத்தாலும் வராத மோதிரம். அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன், ஷாஃப்ட் ஞாபகம் வந்தது.

சூட்டில் இரும்பு விரியும், குளிரில் சுருங்கும். பள்ளிக்கூடப் பாடம்தான். ஆனால் எங்கள் யார்டில் ஷாஃப்ட், ஸ்லீவ் இரண்டும் ஒரே வெயிலில் கிடக்கும், ஒன்றாக அளப்போம். அளவு மட்டும் தனியாக மலையேறி வேறொரு ஊருக்குப் போனது இதுதான் முதல்முறை. கொதிக்கிற ஷாஃப்ட்டின் அளவுக்கு இந்தக் குளிரில் வெட்டினால் துளை பெரிதாகிவிடும். ஸ்லீவ் பிடி தளர்ந்து கடலில் சுற்றும். புது வெண்கலம் வார்த்து வர ஆறு வாரம். அவசரமாக முனிராஜுக்குப் போன் போட்டேன். இன்னும் வெட்டலைங்க மேடம், தூங்குங்க என்றார். நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் பொய்.

காலை ஏழு மணி. அவர் அளந்தார், நானும் அளந்தேன், தாளில் தனித்தனியாக எழுதினோம். என் ரிப்போர்ட்டில் 320.11 மில்லிமீட்டர். இப்போது இருவருக்கும் 320.03. ஒரு தலைமுடி கனம்தான் வித்தியாசம். ஸ்லீவின் பிடியில் பாதிக்கு மேல் அதிலேயே போயிருக்கும்.

கப்பலின் அதிகாரிக்கு நானே போன் செய்தேன். அளவு மாறுகிறது என்றேன். காரணம் என்னவென்று எழுதுவது என்று கேட்டார். வெயில் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். முனிராஜ் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

"அளந்தவர் தவறுன்னு எழுதுங்க சார். பேரு கீழேயே இருக்கு."

அவர் எழுதிக்கொண்டார். பிறகு, வெள்ளிக்கிழமைக்கு வந்துவிடுமா என்று மட்டும் கேட்டார். பத்தரைக்குக் கடைசி வெட்டு முடிந்தது. ஸ்லீவைச் சூடேற்றி, கிரேனில் தூக்கி ஒரே நிமிஷத்தில் ஷாஃப்ட்டின்மேல் ஏற்றினார்கள். ஆறியதும் அப்படியே கவ்விக்கொண்டது. வியாழன் மாலை நான்குக்குக் கிளம்பி வெள்ளி விடியலில் யார்டுக்குள் நுழைந்தோம். கப்பல் அன்றைக்கே தண்ணீரில் இறங்கியது. கடலில் சோதனை ஓட்டத்தின்போது ஷாஃப்ட் சத்தமில்லாமல் சுற்றியதாகச் செய்தி வந்தது.

இதே வேலையாகப் போகிறவர்களுக்கு: சென்னையிலிருந்து லாரிக்குப் பத்தரை மணி நேரம் வையுங்கள். பேருந்து நிலையத்தருகே அறை 1,200 ரூபாய்க்குக் கிடைக்கும். மே மாதமானாலும் ஒரு போர்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் கூடுதலாக ஒதுக்குங்கள், அது இரும்புக்கு.

கிளம்பும்போது, நான் கையெழுத்திட்ட அந்தத் தாளை முனிராஜிடம் திருப்பிக் கேட்டேன். கொடுத்தார். கிழிக்கவில்லை. பன்னிரண்டு வருஷமாகக் காலியாக விட்ட அந்தக் கட்டத்தில், அதே பேனாவால், 'தெரியாது' என்று எழுதிக் கோப்பில் வைத்திருக்கிறேன்.