முதல் மூன்று நிமிடம்

மட்டக்களப்பு நகரில் ஒரு வீடியோ ஸ்டூடியோவில் நான் கெமரா பிடித்த காலம் முழுக்க யுத்தம் நடந்துகொண்டிருந்தது. பெண் என்பதால் காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் எனக்குத்தான் வரும். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் என்று ஆயிரம் டேப் எடுத்திருப்பேன். சினிமா என்று எடுத்தது ஒன்றே ஒன்று. அதன் முதல் மூன்று நிமிடத்தைப் பற்றி இப்போது கெமரா பிடிக்கும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

1. கொப்பி

நிரஞ்சன் வந்தாறுமூலை கெம்பஸில் கடைசி வருட மாணவன். ஒரு சதுரக் கொப்பியோடு ஸ்டூடியோவுக்கு வந்தான்.

"அக்கா, சைக்கலொஜிக்கல் த்ரில்லர். நீங்கதான் எடுத்துத் தரோணும்."

கதை சின்னது. ஒரு பெண் வீட்டில் தனியே இருக்கிறாள். கேட்கிற சத்தமெல்லாம் வெளியே கேட்கிறதா, தன் தலைக்குள் கேட்கிறதா என்று அவளுக்கே தெரியாது. தொடக்கத்தில் அவள் சமைத்துக்கொண்டிருக்கிறாள். வாசலில் ஒரு வான் வந்து நிற்கிறது. மூன்று பேர் இறங்குகிறார்கள். கதவு தட்டப்படுகிறது. இதற்குப் பதினான்கு சொட், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் கீறி வைத்திருந்தான்.

"பதினாலு சொட் எதுக்கு தம்பி? என்ட பெட்டரி நாப்பது நிமிசந்தான் நிக்கும்."

"முதல் மூண்டு நிமிசத்திலயே பார்க்கிற ஆக்களுக்கு நெஞ்சு அடிக்கோணும், அக்கா."

"இஞ்ச ஆருக்கு அடிக்காம இருக்கு?"

இரண்டு பேரும் சிரித்தோம். பதினான்கை எட்டாகக் குறைத்தோம். வான் வெள்ளையாக இருக்க வேண்டும் என்றான். அந்த நாட்களில் ஆட்களைப் பிடித்துக்கொண்டு போனது வெள்ளை வானில்தான். நான் அந்த இடத்திலேயே கொப்பியை மூடியிருக்க வேண்டும். வானின் வெள்ளைத் தகட்டில் வெயில் பட்டால் கிளெயார் அடித்துப் படம் வெளுக்குமே என்று மட்டும் யோசித்தேன். நாலு மணிக்கு எடுப்போம், லென்ஸின் ஐரிஸைக் குறைத்து வெளிச்சத்தை அடக்கினால் பொழுதுபட்டது போலத் தெரியும் என்றேன். கெமராப் பையோடு இராணுவச் சென்றிகளைத் தாண்டி இருட்டுக்கு முதல் நான் டவுனுக்குத் திரும்பியாக வேண்டும். என் கவலையெல்லாம் அதுதான்.

2. ஒத்திகை

கெம்பஸுக்குக் கிட்ட மாணவர்கள் வாடகைக்கு இருந்த வீடு. நடிக்க தர்மினி என்ற மாணவி. கெமராவை அவள் சமைக்கும் குசினியின் ஜன்னலில் ட்ரைபொட்டில் நிறுத்தி வாசலைப் பார்க்க வைத்தேன். ஒத்திகையையும் ரெகோட் பண்ணுவோம், பிறகு பிழை பார்க்கலாம் என்று பட்டனை அழுத்தினேன்.

வான் வந்தது. பிரேக் போட்டது. கதவைச் சர்ரென்று இழுத்துத் திறந்து மூன்று பொடியன்கள் குதித்தார்கள்.

பக்கத்துக் கிடுகுவேலியைப் பிய்த்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தார். காலில் செருப்பில்லை. முன்னால் நின்ற பொடியனின் சேட்டுக் கொலரை இரண்டு கையாலும் பிடித்தார்.

"விடுங்கடா! என்ட புள்ளைய விடுங்கடா!"

"அம்மா, நாங்க கெம்பஸ் புள்ளைகள் அம்மா..." அவன் அழுதேவிட்டான்.

நான் கெமராவை நிறுத்தவில்லை. ஜூம் போனேன். கல்யாணப் பொம்பிளையின் தாய் கண்ணைத் துடைத்தால் கெமரா அங்கே போக வேண்டும் என்று பழகிய கை. அந்த முகம் பிரேம் நிறைய வந்தது. போகஸைக்கூடச் சரிபண்ணினேன். தர்மினி வந்து லென்ஸைக் கையால் பொத்தும்வரை டேப் ஓடியது.

அவர் பெயர் பூமணி. போன வருடம் அவருடைய ஒரே மகனை இப்படி ஒரு வானில் ஏற்றிக்கொண்டு போனார்கள். யார் என்று தெரியாது. பிறகு ஒரு தகவலும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் இதைச் சொல்லி, அவரைத் தாங்கிக் கூட்டிக்கொண்டு போனார்கள். எங்களில் ஒருவரும் அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டுக்கும் முன்கூட்டிச் சொல்லியிருக்கவில்லை.

நிரஞ்சன் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, டேப்பில விழுந்திட்டா?"

"விழுந்திட்டு."

"இதத்தான் போடோணும் அக்கா. எங்கட சனத்துக்கு நடந்ததுதானே? நாம நடிச்சா ஆர் நம்புவாங்க?"

எனக்கு அவனில் கோபம் வரவில்லை. அவன் கேட்பதற்கு முன்பே அதே எண்ணம் எனக்கும் வந்திருந்தது. டேப்பைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன்.

3. டேப்

மூன்று நாள் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஸ்டூடியோவில் ஆளில்லாத நேரம் டெக்கில் போட்டுப் பார்த்தேன். ஆட்டமில்லாத, துல்லியமான படம். அதுவரை நான் எடுத்ததில் அதுதான் திறம். அந்த நினைப்பு வந்ததும் டெக்கை நிறுத்திவிட்டு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்து மறுபடியும் போட்டேன். அடுத்த நாள் ஒரு கல்யாணத்தில் வைட் பலன்ஸ் பார்க்க மறந்து பொம்பிளையின் முகம் நீலமாக விழுந்தது. முதலாளியிடம் நல்ல பேச்சு வாங்கினேன்.

நாலாம் நாள் டேப்பையும் கெமராவையும் எடுத்துக்கொண்டு பூமணியக்காவிடம் போனேன். முற்றத்தில் நெல் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு ஜன்னலுக்குள்ள நிண்டது நீதானே தங்கச்சி?"

"ஓம் அக்கா."

"நான் கத்தினது அதில கிடக்கா?"

"கிடக்கு. உங்களுக்குச் சொல்லிப்போட்டு அழிக்கத்தான் வந்தனான்."

"காட்டு பாப்பம்."

வியூபைண்டரில் கண்ணை வைத்து இரண்டு தரம் பார்த்தார்.

"அவனக் கொண்டுபோகக்குள்ள எனக்குச் சத்தமே வரல்ல. இப்ப கத்தி என்ன? இதில கத்திறவ ஆரெண்டே எனக்குத் தெரியல்ல."

"அழிச்சிரட்டா அக்கா?"

"அழி."

லென்ஸை மூடிவிட்டு அதன்மேல் ரெகோட் போட்டேன். ஏழு நிமிடம். அவர் பக்கத்தில் குந்தியிருந்து, முடியும்வரை டேப் சுற்றுவதையே பார்த்தார்.

4. ஒரே சொட்

டேப்பை அழித்ததையும் பூமணியக்கா சொன்னதையும் நிரஞ்சனிடம் சொன்னேன். இரண்டு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு புதுத் தாளோடு வந்தான். எட்டு சொட்டும் இல்லை, வானும் இல்லை. குசினியில் தர்மினி மட்டும், கத்த அவளுக்குச் சத்தம் வரவில்லை. வானின் இரைச்சலை வேறிடத்தில் பதிந்து பின்னால் சேர்ப்பது. பூமணியக்காவிடம் இரண்டு பேருமாகப் போய்க் கேட்டோம். "எடுங்க. நானும் வந்து நிக்கிறன்" என்றார்.

இந்த முறை ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அன்றிலிருந்து எந்த வேலையானாலும் முதல் நாள் கெமரா இல்லாமல் போய் அக்கம்பக்கத்து ஆட்களைப் பார்த்துக் கதைத்துவிட்டுத்தான் வருவேன். என்ன இருக்கிறது என்று தெரியாத இடத்தில் ட்ரைபொட்டை விரிக்கக் கூடாது. நான் கற்ற தொழில் இவ்வளவுதான்.

முதல் டேக்கில் தர்மினி கதவைப் பார்த்து நடுங்கினாள். நிரஞ்சன் "ஓகே" என்றான்.

"ஓகே இல்ல மனே" என்றார் என் பக்கத்தில் நின்ற பூமணியக்கா. "அவ கதவப் பார்க்கிறா. நான் பார்க்கல்ல. அடுப்பில சோறு கிடந்தது. அந்தப் பானையத்தான் பார்த்துக்கு நிண்டன். அடிப்பிடிக்குது எண்டு தெரியும். இறக்க ஏலாமப் போச்சு."

நிரஞ்சன் கொப்பியை மூடினான். பானையில் மெய்யாகவே அரிசி போட்டு அடுப்பு மூட்டினோம். இரண்டாம் டேக்கில் தர்மினி பானையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் வற்றியது. கருகல் மணம் வந்தது. மூன்று நிமிடம் தாண்டியது. நிரஞ்சனுக்குக் கட் சொல்ல வாய் வரவில்லை. எனக்கும் கை எழவில்லை.

பூமணியக்காதான் என்னைத் தாண்டி உள்ளே போனார். சேலைத் தலைப்பால் பிடித்துப் பானையை இறக்கி வைத்தார்.