இரண்டு நொடி இடைவெளி

திண்டிவனத்தில் சி.டி. கடை வைத்திருந்த அருள்நாதன், இருபது பாட்டுகளை ஒன்றோடொன்று கோத்து, நடுவில் நிற்காத மிக்ஸ் போடுவதில் கெட்டிக்காரன். அதை யார் காப்பி அடித்தாலும் பாட்டுக்குப் பாட்டு இரண்டு நொடி ஊமையாகிவிடும். சி.டி.யில் எழுதும்போது கம்ப்யூட்டரே நுழைக்கும் இடைவெளி அது. அதை எடுக்கும் வழியை, கூடவே கடையில் உட்காரும் மனைவி இருதயசெல்விக்கு மட்டும்தான் காட்டியிருந்தான்.

2006இல் காணையில் ஒரு கல்யாண வரவேற்புக்கு இருவரும் போனார்கள். ஸ்பீக்கரில் அவனுடைய மிக்ஸ் ஓடியது. சவுண்ட் சர்வீஸ்காரர் மேஜையில் கிடந்த சி.டி. உறையிலோ, விழுப்புரத்தில் புதிதாகக் கடை போட்ட செல்வியின் தம்பி ஆஸ்வினின் படம். கீழே, ‘மிக்ஸிங்: டிஜே ஆஸ்வின்.’

"திருட்டு நாய்! பாட்டு முடியட்டும், மானம் போவுது பாரு," என்று அருள்நாதன் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தான்.

முதல் பாட்டு முடிந்தது. அடி பிசகாமல் இரண்டாவது வந்து ஏறியது. ஆடியவர்களில் ஒருவனும் நிற்கவில்லை. மூன்றாவதும் அப்படியே.

அருள்நாதன் மெல்லத் திரும்பினான். செல்வி மடியிலிருந்த தாம்பூலப் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேட்டுக்கினே இருந்தான், சொல்லிக் குடுத்தேன். என் கூடப் பொறந்தவன் இல்லீங்களா?"

"அப்ப நான் யாருடி?"