பின்னால் எல்லாம் தெரிகிற படம்

செஞ்சிக்கு வந்து, வெயிலில் அலைந்து, கோட்டைக்கு முன்னால் நின்று, கோட்டை தெரியாமல் படம் எடுத்துக்கொண்டு போகிற ஜனங்களை வாராவாரம் பார்க்கிறேன். பாண்டிச்சேரியிலிருந்தும் சென்னையிலிருந்தும் கார் வைத்துக்கொண்டு வருவார்கள். கல்யாணம் நிச்சயமான ஜோடி. பெண்ணுக்குத் தரையைக் கூட்டுகிற கவுன். மாப்பிள்ளைக்கு வெயிலில் வேகிற கோட்டு. கேமராக்காரர் அவர்களைக் கோட்டைக்குள் இருக்கிற கல்யாண மகாலுக்கு முன்னால் நிறுத்தி, தலையைச் சாய்க்கச் சொல்லி, கிளிக்கிவிட்டுக் காட்டுவார். ஜோடிக்குப் பின்னால் பழுப்பாக ஏதோ கரைந்து கிடக்கும். அது கோட்டையா செங்கல் சூளையா என்று கோர்ட்டில் நிறுத்தினாலும் சொல்ல முடியாது. "செம பிளர்ல!" என்று ஜோடி குதிக்கும். இதற்கு வீட்டு மொட்டைமாடியில் ஒரு பழுப்புப் போர்வையைத் தொங்கவிட்டிருக்கலாம். டீசலாவது மிச்சமாகியிருக்கும்.

இந்த மகா கலையைத்தான் நானும் வகுப்புக்குப் போய்க் கற்றுக்கொண்டேன்.

செஞ்சியில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு வேலை. தோழி ஒருத்தி தன் பழைய கேமராவை என்னிடம் தள்ளிவிட, அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் சேர்ந்தேன். பேக்கரிக்கு மேல் மாடியில் ஒரு அறை. கீழேயிருந்து வெண்ணெய் பிஸ்கட் வாசனை வரும்; வகுப்பில் உருப்படியாக வந்தது அது ஒன்றுதான். சொல்லிக்கொடுக்கிற சார் திண்டிவனத்திலிருந்து வருவார். உடம்பு முழுக்கப் பாக்கெட் வைத்த சட்டை போட்டிருப்பார். பைக் சாவியைக் காணோம் என்று அத்தனை பாக்கெட்டிலும் தட்டித் தேடிவிட்டு, கடைசியில் மேஜைமேலிருந்து எடுப்பார். என்னோடு படித்தவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற அதிகாரி. முழங்கை நீள லென்ஸ் வைத்திருந்தார். அதை வைத்துத் தன் தட்டிலிருந்த பஜ்ஜியைத் தவிர வேறெதையும் அவர் எடுத்து நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் தங்கள் பைக்கைப் படம் எடுப்பதற்காகவே சேர்ந்தவர்கள். எல்லோருக்கும் வேண்டியது ஒன்றே ஒன்று. பின்னால் இருப்பது கரைய வேண்டும்.

சார் ஏமாற்றவில்லை. மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் தண்ணீர் பாட்டில்களை ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி டெப்த் ஆஃப் ஃபீல்டு பாடம் எடுத்தார். லென்சுக்குள் ஒரு துவாரம் இருக்கிறது. அதை அகலமாகத் திறந்தால் ஒரு பாட்டில் மட்டும் தெளிவாக இருக்கும், மற்றவை மங்கிவிடும். துவாரத்தைச் சுருக்கினால் கிட்டே இருப்பதிலிருந்து தூரத்தில் இருப்பதுவரை எல்லாம் தெளியும். அகலத் திறப்பதற்குச் சின்ன எண், ஒன்று புள்ளி எட்டு. சுருக்குவதற்குப் பெரிய எண், பதினாறு. யார் வைத்த தலைகீழ்க் கணக்கோ தெரியவில்லை.

"எது முக்கியமோ அது மட்டும் தெரியணும். மத்ததெல்லாம் குப்பை. குப்பைய ஒழிச்சாதான் அது போட்டோ" என்றார் சார். வகுப்பே பரவசமாகத் தலையாட்டியது.

எனக்கு இது பாட்டிலைப் பார்த்துப் புரியவில்லை, மறுநாள் வேலையில் மைக்ராஸ்கோப்பில் குனிந்தபோது புரிந்தது. திருகைக் கொஞ்சம் திருப்பினால் ஒரு அடுக்கு தெளியும், அதற்குக் கீழே இருப்பது மங்கும். மங்கியது அங்கே இல்லாமல் போய்விடவில்லை. கிருமி இருந்தால் இருக்கிறதுதான். எனக்குத் தெரியவில்லை என்பதற்காக அது மூட்டை கட்டிக்கொண்டு போகாது. இதைச் சாரிடம் சொன்னேன். "குட், மேடம்" என்று சொல்லிவிட்டு பஜ்ஜி அதிகாரியின் லென்சைத் தடவிப்பார்க்கப் போய்விட்டார்.

அந்தச் சமயத்தில்தான் என் தங்கச்சிக்கு வரன் வந்தது. பையன் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. எங்கள் ஜனம்தான். அவனுடைய அப்பா காலத்திலேயே ஊரைவிட்டுப் போய், இப்போது அபார்ட்மெண்டில் இருக்கிறார்கள். எம்.எஸ்சி. முடித்துவிட்டுத் தனியார் பள்ளியில் கணக்கு எடுக்கிற என் தங்கச்சி, அதுவரை வந்த வரன்களையெல்லாம் ஒரு வார்த்தையில் ஊதித் தள்ளியவள். இவனோடு போனில் பேச ஆரம்பித்த பிறகு ஆளே மாறிப்போனாள். தனியாகச் சிரித்தாள். குழம்பில் உப்பு போட மறந்தாள். அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. இது எப்படியாவது அமைய வேண்டும் என்று அவளைவிட அதிகமாக நான் பதறிக்கொண்டிருந்தேன்.

பையன் வீட்டார் நேரில் வருவதற்கு முன்னால் நல்ல போட்டோ ஒன்று கேட்டார்கள். வரன் கொண்டுவந்த அத்தை போனில் ரகசியம் பேசுகிற குரலில் சொன்னாள்: "முகம் பளிச்னு இருக்கணுமாம். பின்னாடி வீடு கீடு வேணாம். பச்சையா எதுனா தெரிஞ்சா போதுமாம்."

செஞ்சியிலிருந்து தொண்டூர் போகிற பக்கம் இருக்கிறது எங்கள் ஊர். ஊர் என்றால் ஊர் இல்லை, ஊருக்கு வெளியே இருக்கிற காலனி. தெரு முனையில் நீலக் கோட்டு போட்ட சிலை, கம்பிக் கூண்டுக்குள் நிற்கும். எங்கள் தெருவில் எந்தக் கல்யாணமானாலும் பெண்ணும் மாப்பிள்ளையும் முதலில் அந்தச் சிலைக்கு மாலை போட்டுவிட்டுத்தான் மண்டபத்துக்கு வண்டி ஏறுவார்கள். கூண்டுச் சாவி எங்கள் சித்தப்பாவிடம் இருக்கும். என் கல்யாணத்துக்கும் திறந்தார்.

தங்கச்சி வேறு எங்கும் போக மாட்டேன் என்று அந்த முனையிலேயே வேப்பமரத்தடியில் வந்து நின்றாள். காலை வெயில் நன்றாக இருந்தது. ஒன்று புள்ளி எட்டில் ஒன்று எடுத்தேன். திரையில் பார்த்தால் முகம் பளிச்சென்று இருக்கிறது. பின்னால் பச்சையும் நீலமுமாக என்னவோ. அத்தை கேட்ட படம் அச்சாக அதுதான். வகுப்பு வீண்போகவில்லை.

"இவ்ளோ நேரம் சிலைக்கு எதிர்ல நின்னேன், எங்கக்கா அது?" என்றாள்.

"அது உனக்கு ரொம்பப் பின்னாடி இருக்குது. எவ்ளோ தூரம் தள்ளி இருக்குதோ அவ்ளோ கரையும்."

"கரையாம எடு."

பதினாறில் வைத்து, கொஞ்சம் பின்வாங்கி நின்று இன்னொன்று எடுத்தேன். அதில் எல்லாம் வந்துவிட்டது. சிலை, கூண்டு, கூண்டுப் பூட்டு, சாயம் போன தொகுப்பு வீடுகள், கருப்புத் தண்ணீர் டேங்க். தெருக் குழாயடியில் நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு, குடத்தைக் கீழே வைத்துவிட்டு, பெரிய மகள் சின்ன மகளைப் படம் எடுப்பதைப் பார்த்துச் சிரிக்கிற எங்கள் அம்மா.

இரண்டையும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு எடுத்துப்போனேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. படத்தை டி.வி.யில் போட்டு, சார் சிவப்பு லேசர் விளக்கால் குற்றம் குறை சுட்டிக்காட்டுவார். முதல் படத்துக்குக் கைதட்டு. பஜ்ஜி அதிகாரி எழுந்து நின்றே தட்டினார். இரண்டாவது படம் வந்ததும் சார் உதட்டைப் பிதுக்கினார். சிவப்புப் புள்ளி சிலைமேல் போய் நின்றது. "இது இன்னாத்துக்கு? தேவையில்ல." டேங்க், தேவையில்லை. வீடுகள், தேவையே இல்லை. அப்புறம் அந்தப் புள்ளி அம்மாவின் நெற்றியில் போய் நின்றது.

"இந்த லேடி யாரு நடுவுல? கண்ணு நேரா அங்கதான் போவுது. பயங்கர டிஸ்டர்பன்ஸ்."

"எங்கம்மா, சார்."

புள்ளி அணைந்தது. சார் லேசர் விளக்கை ஏதோ ஒரு பாக்கெட்டில் செருகினார். பிறகு சமாளித்துக்கொண்டு, "சென்டிமென்ட் வேற, டெக்னிக்கல் வேற, மேடம்" என்றார். எல்லோரும் அதற்கும் தலையாட்டினார்கள். தலையாட்டுவதற்கென்று ஒரு சான்றிதழ் இருந்தால் அந்த அறைக்கே கொடுத்திருப்பேன்.

அம்மா வீட்டுக்கு வந்தால் தங்கச்சி காத்துக்கொண்டிருந்தாள். பதினாறில் எடுத்த படத்தைத் தன் போனுக்கு அனுப்பச் சொன்னாள். "அத்தை கேட்டது அது இல்லடி" என்றேன். "கட்டிக்கப் போறது அத்தை இல்லியே" என்றாள். என் கண் முன்னாலேயே பையனுக்கு அனுப்பினாள். கீழே ஒவ்வொன்றாக எழுதினாள்: இது எங்க தெரு, அது எங்க சிலை, குழாயடியில இருக்கறது எங்கம்மா. அவன் நல்லவன் என்று அவள் நம்பினாள், நானும் நம்பிக்கொண்டேன்.

சாயங்காலம் போன் வந்தது. துணி மடித்துக்கொண்டிருந்தவள் ஸ்பீக்கரில் போட்டாள். அவன் கெட்டவன் மாதிரிப் பேசவில்லை, அதுதான் கொடுமை. படம் ரொம்ப அழகு என்றான். எங்கள் அம்மாவைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். அப்புறம் இழுத்தான்.

"ஒண்ணுமில்ல... எங்கம்மா அபார்ட்மெண்ட்ல எல்லாருக்கும் காட்டணும்னு நினைக்கிறாங்க. இங்க யாருக்கும் நாம என்ன ஆளுங்கன்னு தெரியாது. உங்கக்காதான் கேமரா வச்சிருக்காங்களே, பின்னாடி மட்டும் கொஞ்சம் பிளர் பண்ணி அனுப்பச் சொல்லேன்."

தங்கச்சி மடித்த துணியைக் கீழே வைத்தாள். பத்தாம் வகுப்புக்குக் கணக்கு நடத்துகிற அதே குரலில் கேட்டாள்.

"சரிங்க. கல்யாணத்தன்னிக்கு எங்கம்மா மேடையிலிருந்து எவ்ளோ தூரம் தள்ளி நிக்கணும்? எங்கக்காவ கேட்டுச் சொல்றேன். சரியா எவ்ளோ தூரத்துல கரைவாங்கன்னு அவளுக்குத் தெரியும்."

அவன் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்துக்கொண்டான் போலிருக்கிறது. அவள் சிரிக்கவில்லை. பிறகு அவனும் நிறுத்திக்கொண்டான். "அப்டி எல்லாம் இல்ல" என்றான், "நீ தப்பா எடுத்துக்குற" என்றான், "அம்மாகிட்ட பேசிட்டுக் கூப்பிடுறேன்" என்றான். கூப்பிடவில்லை. ஜாதகம் சரியில்லையாம் என்று சில நாள் கழித்து அத்தைதான் சொன்னாள். ஜாதகமே கேட்காதவர்களுக்கு ஜாதகம் எப்படிச் சரியில்லாமல் போனது என்று நான் கேட்டேன். அத்தைக்குப் போனில் டவர் கிடைக்கவில்லை.

தங்கச்சி அழுதாள். மறைக்கவெல்லாம் இல்லை, சோறு சாப்பிடும்போதே தட்டைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அவனைப் பிடித்திருந்தது அவளுக்கு. அதில் நான் சொல்வதற்கு ஒன்றுமில்லை. பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

வகுப்பை நான் விடவில்லை. ஃபிளாஷ் பாடம் பாக்கி இருந்தது, பிஸ்கட் வாசனையும் இருந்தது.

மாதம் ஒன்று போன பிறகு தங்கச்சி அந்தப் படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டுச் சட்டம் அடித்துக்கொண்டு வந்தாள். டி.வி.க்கு மேல் ஆணி அடித்து மாட்டினாள். அம்மா குழாயடியிலிருந்து குடத்தோடு உள்ளே வந்து, அண்ணாந்து பார்த்து, நெருங்கிப் போய், விரலால் தன்னையே தொட்டுப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அடிப்பாவி! இவ்ளோ தெளிவா வுழுவேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? சீலையாவது கட்டிக்கினு வந்திருப்பேன் இல்ல?"