வெளிச்சுவரில் ஒரு பிளக்

அம்மா மீன் பொரிப்பது எப்போதும் வெளியில்தான். குறொன்லாண்ட் கடைத்தெருவில் வாங்கிவந்த சூடைமீனை, மழையென்றாலும் பனியென்றாலும், ஒஸ்லோவில் எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு மேசை போட்டு, கறண்ட் அடுப்பில் வைத்துப் பொரிப்பார். குசினிக்குள் நல்ல அடுப்பு சும்மா கிடக்கும். கேட்டால், வீடெல்லாம் மீன் மணக்கும் என்பார். முதியோர் இல்லத்து வேலை முடித்து வரும் அம்மாவிடம் எதையும் இரண்டாம் முறை கேட்க முடியாது. அவ்வளவு களைப்பு.

அடுப்பின் வயர் குசினி யன்னல் வழியாக வெளியே போகும். பொரித்து முடியும்வரை யன்னலைப் பூட்ட முடியாது. நாங்கள் வீட்டுக்குள்ளேயே ஜாக்கெட் போட்டுக்கொண்டு இருப்போம். நான் ஓயாமல் சிணுங்கியதில் அப்பாவுக்கு ரோசம் வந்துவிட்டது. அவருக்குக் கறண்ட் வேலை தெரியும் என்பது எங்கள் வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்காத நம்பிக்கை. ஒரு சனிக்கிழமை சுவரைத் துளைத்து, அறைக்குள் பூட்டுகிற சாதாரண பிளக் பொயின்ற் ஒன்றை வெளியே பூட்டினார். மழை படாமலிருக்க ஐஸ்கிறீம் பெட்டியொன்றை வெட்டி மேலே ஒட்டினார். ஐஸ்கிறீம் பெட்டியால் ஆகாத காரியம் எங்கள் சனத்துக்கு இல்லை. மிளகாய்த்தூளும் அதற்குள்தான், தையல் சாமானும் அதற்குள்தான்.

முதல் மழைக்கே ட்றிப் சுவிச் விழுந்து வீடு இருண்டது. அப்பா தூக்கிவிட்டார். அடுத்த மழைக்கும் விழுந்தது, அலுக்காமல் தூக்கிவிட்டார். பிறகொரு நாள் அம்மா ஈரக்கையோடு பிளக்கைத் தொட, கறண்ட் அடித்துவிட்டது. சுவிச் விழுந்தது நல்லகாலம். அம்மா பொத்தென்று புல்லில் இருந்துவிட்டார். அப்பா அவரிடம் ஓடினார்.

"எனக்கு ஒண்டுமில்லை. மீன் கருகுது, எடுங்கோ" என்றார் அம்மா.

அப்பா ஐஸ்கிறீம் பெட்டியைப் பிய்த்து எறிந்தார்.

அடுத்த கிழமை அனுமதிப்பத்திரம் உள்ள மின்வேலைக்காரப் பெண் ஒருவர் வந்தார். அப்பாவின் துளையை மரியாதையாகக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு கூரைச் சரிவுக்குக் கீழே, தானாக மூடிக்கொள்ளும் மூடியோடு, இரண்டு பிளக் உள்ள, தண்ணீர் புகாத பெட்டி ஒன்றைப் பூட்டி, உள்ளே அதற்கென்று தனி சுவிச்சும் வைத்தார். போகும்போது, இதில் எதைப் பாவிக்கப்போகிறீர்கள் என்று சாதாரணமாகக் கேட்டார். அப்பா வாயைத் திறக்குமுன் அம்மா முந்திக்கொண்டு, நத்தார் பண்டிகைக்கு விளக்குப் போட என்று நொர்வேஜிய மொழியில் சொன்னார்.

அந்தப் பெண் போனதும், "ஏனம்மா பொய் சொன்னனீங்கள்?" என்று கேட்டேன்.

"பேசாமல் இரு. விளக்கும் போடுவம்."

சொன்னபடியே மார்கழியில் விளக்குச்சரம் வாங்கிவந்தார். ஒரு பிளக்கில் விளக்கு, பக்கத்துப் பிளக்கில் அடுப்பு. யன்னல் இறுக்கப் பூட்டியிருந்தது. நான் சூடான குசினிக்குள் நின்று கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மற்ற வீடுகளைப்போல எங்கள் வீட்டிலும் விளக்கு எரிகிறது என்று எனக்குச் சந்தோசத்தில் பெரிய புழுகம். விளக்குகளுக்குக் கீழே அம்மா, அப்பாவின் பழைய சுவெற்றரோடு நின்று மீனைத் திருப்பிக்கொண்டிருந்தார். வேலைக்குப் போட்டுப்போகும் அவருடைய நல்ல கோட் மேல்மாடி அலுமாரியில், பொலித்தீன் உறைக்குள் தொங்கியது.

முன்பொருநாள் வேலையிடத்தில் ஒருத்தி மூக்கைச் சுளித்துக்கொண்டு அந்தக் கோட்டைத் தன் கோட்டுக்குப் பக்கத்திலிருந்து விரல்நுனியால் எடுத்து, தூரக் கொளுக்கியில் மாட்டினாளாம். நானும் வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகுதான் அம்மா இதைச் சொன்னார். விளக்குப் போட்ட அன்றைக்கு நான் விளங்கிக்கொண்டதெல்லாம், அம்மாவுக்குக் குளிராது என்பதுதான்.