இயந்திரங்கள் வாங்கிக் கொடுத்த கருவாடு

பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்த இயந்திரத்தின் கண்ணுக்கு நேரே நின்றுகொண்டு மல்சுன் சுட்ட கணவாய்க் கருவாட்டை இழை இழையாகக் கிழித்தாள். பேஸ்பால் ஆட்டத்தில் இரண்டு பேர் அவுட். மூன்றாம் தளத்தில் ஆள் நிற்கிறான். இயந்திரத்தின் தலைத்திரையில் பியோவின் முகம் இடது பக்கம் சாய்ந்தது, வலது பக்கம் சாய்ந்தது. வீட்டுக் கட்டிலில் எவ்வளவு சாய்ந்தாலும் இங்கே அவளுடைய மேலங்கிதான் தெரியும். நெஞ்சுப் பலகையில் எழுத்து ஓடியது.

“சித்தி, நகருங்க.”

“இருபத்திரண்டு வருஷம் வழி கேட்டது நான். இன்னைக்கு ஒரு நாள் நீங்க கேளுங்க.”

பியோ அவளைவிடப் பத்து வயது மூத்தவர். மைதானத்தில் தின்பண்டம் விற்கிறவள் எல்லோருக்கும் சித்திதான்.

சோங்ஜு ஊர் மைதானத்தில் அவள் விற்கும் இடம் முதல் மூன்று வரிசைகள். கருவாட்டை நீட்டிக்கொண்டு ஆட்டத்துக்கு முதுகைக் காட்டியே நிற்பாள். பந்து எங்கே போனதென்று ஆட்களின் முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். குளிர்காலத்தில் பேருந்து நிலையத்தில் மீன் வடை விற்பாள். அங்கே யார் முகத்திலும் ஒன்றும் நடக்காது.

இந்த வருஷம் அந்த மூன்று வரிசையிலும் இயந்திரங்களை உட்கார்த்திவிட்டார்கள். வர முடியாதவர்கள் வீட்டிலிருந்தே அவற்றின் கண்ணால் பார்க்கலாம், எழுதலாம், கையைத் தூக்கச் சொல்லலாம். பியோவுக்கு இடுப்பெலும்பு முறிவு. அவரோடு ஒரே வகுப்பில் படித்த யொம், மகனோடு ஜேஜு தீவுக்குப் போய்விட்டார். இரண்டு இயந்திரமும் பக்கத்துப் பக்கத்தில்.

“இயந்திரம் எதுவும் தின்னாதுல்ல சித்தி,” என்று காலையில் மேலாளர் குவாக் சொல்லியிருந்தான். “ஏழாவது சுற்று முடிஞ்சதும் விக்கிறவங்க மேலங்கியைக் கழட்டிக் குடுத்துடுங்க. நாளையிலேர்ந்து கார் நிறுத்துற இடத்துல நில்லுங்க.”

அங்கே வண்டிகளைத்தான் பார்க்கலாம்.

நாலாவது சுற்றில் மல்சுன் யொம்மின் இயந்திரத்திடம் குனிந்தாள்.

“உங்களுக்குத் தெரியுமா? பின்வரிசை முழுக்க பியோ வாங்கிக் குடுத்திருக்காரு. ஊரை விட்டுப் போனவன் எங்கே வாங்கித் தரப் போறான்னு எழுதினாரு.”

பியோ எதுவும் வாங்கவும் இல்லை, அப்படி எழுதவும் இல்லை.

யொம்மின் முகம் திரை நிறைய வந்தது. “அவனா? பள்ளிக்கூடத்துல என் சோத்துப் பெட்டியில கை வச்சவன். ரெண்டு வரிசைக்குக் குடுங்க. என் பேரைச் சொல்லிக் குடுங்க.”

அவள் கொடுத்தாள், பேரையும் உரக்கச் சொன்னாள். பின்வரிசைப் பையன்கள் இரண்டு கையாலும் வாங்கி இயந்திரத்தைக் கும்பிட்டார்கள். யொம் இயந்திரத்தின் கையைத் தூக்கினார். பிறகு மல்சுன் பியோவிடம் போனாள்.

“பார்த்தீங்களா?”

“பார்த்தேன். மூணு வரிசைக்குக் குடுங்க. பீரும்.”

ஆறாவது சுற்றுக்குள் மற்ற இயந்திரங்களுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அடுப்பில் கருவாடு புரளவே நேரமில்லை. எதிரணி ஐந்து ஓட்டம் எடுத்ததை யாரும் அவ்வளவாகக் கவனிக்கவில்லை.

ஏழாவது முடிந்ததும் குவாக் கையை நீட்டிக்கொண்டு வந்தான். மேலே வரிசை வரிசையாக மனிதர்கள் கருவாட்டைக் கவ்வியபடி இயந்திரங்களைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

“யாரு இதெல்லாம் வாங்கினது?”

பியோவின் பலகையில் எழுத்து ஓடியது. “வாங்க தம்பி. உங்களுக்கும் ஒண்ணு. நான் தர்றேன்.”

“வேலை நேரம்ங்க ஐயா.”

“பெரியவன் குடுக்கிறேன்.”

“அவன் குடுத்தா என்னுதும் ஒண்ணு,” என்று யொம் எழுதினார்.

பெரியவர் கொடுப்பதை ஒரு கையால் வாங்கக் கூடாது; குவாக் நீட்டிய கையோடு மற்றதையும் சேர்த்து நீட்டினான். மல்சுன் அதில் கருவாட்டை வைத்தாள், பீர்க் குவளையையும் வைத்தாள். பெரியவர்கள் முன்னால் குடிக்கிற மரியாதைப்படி, அவன் இயந்திரங்களுக்கு முகத்தைக் காட்டாமல் திரும்பிக் குடித்தான். மேலங்கியை வாங்கக் கை மிச்சமில்லை.

“இந்த வருஷம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்,” என்றான், மென்றுகொண்டே.

மறுநாள் மழை. ஆட்டம் இல்லை. இயந்திரங்களைத் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தார்கள். மல்சுன் வீட்டில் அடுப்புக் கம்பிகளைத் தேய்த்தாள், மேலங்கியைத் துவைத்து மின்விசிறிக்கு எதிரே தொங்கவிட்டாள். சாயங்காலம் மீன் சந்தைக்குப் போய் கணவாய் வாங்கி வந்தாள்.