ஹுத்தான் மெலிந்தாங் நகல் விட்ட இடத்திலிருந்து

ஈப்போவில் சிறுநீரக நோயாளிகளுக்கு ரத்தம் சுத்திகரிக்கும் நிலையமொன்றில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. ஹுத்தான் மெலிந்தாங்கில் எங்களுக்கு ஒரு கிளை உண்டு. ஈப்போவில் பதியும் ஒவ்வொரு மாற்றத்தையும் தரவுத்தளம் லாக் என்ற பதிவேட்டில் வரிசையாக எழுதிவைக்கும். கிளையிலுள்ள சர்வர் அதைப் படித்துத் தன் நகலைச் சரிசெய்துகொள்ளும். படிப்பதற்குள் லாக் அழிந்துவிட்டால் நகலை முதலிலிருந்து எடுக்க வேண்டியதுதான்.

நான் சேர்ந்தபோது லாக் ஒரு நாள் மட்டுமே தங்கியது. மழைக்காலம் நெருங்கவும், வெள்ளத்தில் கிளை பல நாள் நின்றுபோகலாம் என்பதால் பத்து நாளாக்கலாமா என்று என் மேலதிகாரியான அக்காவிடம் கேட்டேன்.

“டிஸ்க் ரொம்பிருச்சுன்னா ஈப்போவும் சேர்ந்து படுத்துக்கும்லா?”

“பெரிய டிஸ்க் போட்டுட்டுத்தான் மாத்தப்போறேன்க்கா. ரொம்புற மாதிரி இருந்தா எனக்கு முன்னாடியே மெசேஜ் வந்துரும்.”

“அப்ப செய்யி.”

அந்த மழையிலேயே ஹுத்தான் மெலிந்தாங்கில் வெள்ளம் வந்தது. கிளையின் தாதி சர்வரை அணைத்து மாடிக்குத் தூக்கிப்போனார். நோயாளிகள் வேனில் ஈப்போவுக்கு வந்தார்கள். அவர்களில் ஒரு வயதான மீனவர், ஊசி குத்தியிருக்கும்போதும் தன் படகைப் பற்றியே கவலைப்பட்டார். நானோ வளர்ந்துகொண்டே போகும் லாக்கைப் பார்த்துக் கவலைப்பட்டேன்.

தண்ணீர் வடிந்து, எட்டாம் நாள் ஒருவழியாகக் கிளையின் சர்வர் எழுந்தது. தான் கடைசியாகப் படித்த இடத்தைச் சொல்லி, அதற்கு அடுத்ததிலிருந்து கேட்டது. ஈப்போ கொடுக்க ஆரம்பித்தது. மீனவரின் மருந்தை டாக்டர் ஒருநாள் குறைத்து, மறுநாள் பழையபடி ஏற்றியிருந்தார். இரண்டும் அதே வரிசையில் போயின. கையேட்டில் படித்ததுதான். ஆனாலும் கண்ணெதிரே நடக்கும்போது ஒவ்வொரு வரியாக விடாமல் பார்த்தேன்.

தாதி போன் செய்தார். “அண்ணே, அங்கிள் அங்க இருந்த நாளெல்லாம் இங்க வந்திருச்சு! எடை, மருந்து, எல்லாம் இருக்கு.”

கிளைக்குத் திரும்பியிருந்த மீனவர் தாதியிடமிருந்து போனை வாங்கினார். “நீ உக்காந்து எழுதி அனுப்புனியா தம்பி?”

“இல்ல அங்கிள். அதுவே எழுதி வச்சிருந்துச்சு.”

“நான் இப்பப் பேசுறதையும் எழுதுதா?”

“அதெல்லாம் எழுதாது.”

“அப்ப சரி,” என்று சிரித்துவிட்டுச் சிகிச்சைப் படுக்கைக்குப் போனார். அன்றைக்கே அவருக்குச் சரியான அளவுகளோடு சிகிச்சை தொடங்கியது. செய்வதற்கு ஒன்றும் மிச்சமில்லாவிட்டாலும் நான் திரையின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.